பாதிக் காரோடு வந்த ரேக்

ஜொகூரில் பழைய டொயோட்டா கொரோலா கேஇ70 வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால் பெயிண்ட், ரிம், இன்ஜின் என்று பேச்சு சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "ரேக்கா, பாக்ஸா?" பாக்ஸ் என்றால் ஸ்டியரிங் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ரேக் என்றால் யாரோ ஒரு போமன், அதாவது மெக்கானிக், முன்சக்கரங்களுக்கு நடுவில் இருந்த அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னொரு காரின் ஸ்டியரிங்கை அங்கே உட்காரவைத்திருக்கிறார்.

இந்த மாற்றத்தை முதலில் செய்தவர் யார் என்று பட்டறைகளில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர்களில் அக்கறை இல்லை. அக்கறை வேறொன்றில். மலாயாவின் சாலைகளில் ரேக் ஸ்டியரிங் ஏற்கெனவே ஓடியது. பிறகு பெரும்பாலும் காணாமல் போனது. கடைசியில் பழைய இரும்புக் குவியலோடு கப்பலேறித் திரும்பி வந்தது. எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்து விற்ற பொருள் அல்ல இது. பட்டறைக்காரர்கள் தேடி எடுத்துக்கொண்டது.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ரேக் என்பது சீப்பு மாதிரி பல் வெட்டிய ஓர் இரும்புத் தண்டு. ஸ்டியரிங் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் பினியன் என்னும் சின்னப் பற்சக்கரம் அதன்மேல் உருளும். சக்கரம் சுற்றினால் தண்டு இடமோ வலமோ நகரும். இரண்டு முனைகளிலும் உள்ள டை ராட் முன்சக்கரங்களைத் திருப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. பாக்ஸில் வழி நீளம். ஷாஃப்டின் முனையில் திருகுமரை, அந்த மரைக்குள் உருளும் எஃகுக் குண்டுகள், அவை நகர்த்தும் நட்டு, நட்டு திருப்பும் பிட்மன் ஆர்ம், அதிலிருந்து குறுக்கே ஒரு நீண்ட ராட், மறுபக்கம் அதைத் தாங்க ஐட்லர் ஆர்ம், பிறகுதான் இரண்டு டை ராட். ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை தேய்மானம் வந்தாலும் கைக்கு வரும்போது எல்லாம் கூடிவிடும். கேஇ70 ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் ஆட்டினாலும் கார் நேராகவே போய்க்கொண்டிருக்கும்.

இரண்டில் ரேக்தான் வயதில் மூத்தது. கார்ல் பென்ஸ் 1885-இல் கட்டி, 1886 ஜனவரி 29-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் ஒற்றை முன்சக்கரத்தைத் திருப்பியதே பல் வெட்டிய ஒரு தண்டுதான். முன்னால் இரண்டு சக்கரம் வைத்தால் அவற்றை ஒழுங்காகத் திருப்பும் வழி அப்போது அவர் கைக்கு வரவில்லை. அதனால்தான் மூன்று சக்கரம். வளைவில் உள்பக்கச் சக்கரம் சற்று அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் சற்றுக் குறைவாகவும் திரும்ப வேண்டும். இதற்குரிய கணக்கைக் குதிரை வண்டிக்காக மியூனிக் நகரத்து லாங்கன்ஸ்பெர்கர் முன்பே போட்டிருந்தார். 1818-இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன், பெயரும் அவருக்கே நிலைத்தது. இந்த ஆக்கர்மன் கணக்கைப் பின்னால் ஒரு பட்டறையில் மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

கார்கள் கனமாகக் கனமாக ரேக் பின்வாங்கியது. பாக்ஸில் கைக்குப் பளு குறைவு, சாலைக் குழியின் அடி மணிக்கட்டுக்கு ஏறாது. சிறிய, இலகுவான கார்களில்தான் ரேக் மீண்டும் தலையெடுத்தது. பிரான்சில் சித்ரோன் டிராக்சன் அவான்ட் 1936-இல் அதற்கு மாறியது. நமக்கு நெருக்கமானது 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த மோரிஸ் மைனர். வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். 1959-இல் மினியைத் தந்தவரும் அவரே. இரண்டிலும் ரேக்தான்.

மோரிஸ் மைனர் மலாயாவில் எப்படி ஓடியது என்று நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளி ஆசிரியர், அரசாங்கக் குமாஸ்தா, தோட்டத்து டிரஸ்ஸர், கொஞ்சம் வசதி வந்த கிராணி என்று மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டிய கார் அது. அந்த வட்டமான சின்னக் கார் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று ஓட்டியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குக் காரணம் ரேக் என்று அன்றைக்கு யாரும் பெயர் சொல்லிப் பாராட்டவில்லை. நல்ல கார் என்றார்கள், அதோடு சரி.

அறுபதுகளின் கடைசியிலிருந்து ஜப்பானியக் கார்கள் குவிந்தன. டட்சன் 120ஒய், கொரோலா கேஇ20, கேஇ30, பிறகு கேஇ70. இவை உழைக்கும் கார்கள். ஸ்டார்ட் ஆகாமல் காலை வாரியதில்லை, உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்கும், எண்ணெயும் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் ஸ்டியரிங் மட்டும் பாக்ஸ். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. குளுவாங், லாபிஸ், கூலாய் பக்கம் ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலையில், மழை அரித்துப்போட்ட பள்ளங்களில் தினம் ஏறி இறங்கும் காருக்குப் பாக்ஸ்தான் தோது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கின் தளர்ச்சி யாருக்கும் உறைக்காது.

அது உறைக்க ஆரம்பித்தது நெடுஞ்சாலை வந்த பிறகு. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறந்தது. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கு மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்றாகிவிட்டது. அதற்குள் கேஇ70-களுக்குப் பத்துப் பதினைந்து வயது. லாரியைக் கடக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளும். ஸ்டியரிங்கைத் திருத்தினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பாக்ஸின் மேலே உள்ள ஸ்குரூவை இறுக்கிப் பார்ப்பார்கள். ரொம்ப இறுக்கினால் நடுவில் சரியாகி ஓரங்களில் பிடிக்கும். தளர்ச்சியின் பாதி பாக்ஸிலேயே இல்லை, ஐட்லர் ஆர்மிலும் ராட் மூட்டுகளிலும் இருக்கிறது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மாற்றம் பிறந்த இடத்துக்கு இப்போது வருகிறேன். கேஇ70 குடும்பம் ஜப்பானில் 1979 மார்ச்சில் வெளிவந்தது. அடுத்த தலைமுறை கொரோலா 1983-இல் முன்சக்கர ஓட்டத்துக்கு மாறியபோது, டொயோட்டா இரண்டு கதவு, மூன்று கதவு கூப்பே வகைகளுக்கு மட்டும் பழைய பின்சக்கர ஓட்ட அடித்தளத்தையே வைத்துக்கொண்டது. அதுதான் ஏஇ86. கேஇ70-க்கும் ஏஇ86-க்கும் சக்கர இடைவெளி ஒன்றே, 2,400 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் இன்ஜினையும் கீழ் ஆர்ம்களையும் தாங்கும் கிராஸ்மெம்பர் என்னும் குறுக்குச் சட்டம் இரண்டிலும் ஒரே இடத்தில் போல்ட் ஆகிறது. ஆனால் ஏஇ86-இன் கிராஸ்மெம்பரில் ரேக் இருந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரில் தம்பிக்கு மட்டும் ரேக் கொடுத்துவிட்டது டொயோட்டா. அண்ணனுக்கும் அது அளவெடுத்தாற்போல் பொருந்தும் என்று கம்பெனி எங்கும் சொல்லவில்லை. கழற்றிப் பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள்.

கழற்றிப் பார்க்க ஏஇ86 எங்கிருந்து வந்தது? ஹாஃப்கட்டில்தான். ஜப்பானில் கார்களுக்கு ஷாக்கென் என்னும் கட்டாயச் சோதனை உண்டு. புதுக் காருக்கு முதல் தடவை மூன்றாண்டில், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை. கார் வயதாக ஆக அந்தச் செலவு கூடும். நன்றாக ஓடும் காரையும் பலர் கழித்துவிடுவார்கள். ஜப்பானும் நம்மைப் போல இடப்பக்கச் சாலை, வலப்பக்க ஸ்டியரிங். முழுக் காராகக் கொண்டுவந்தால் ஏபி என்னும் இறக்குமதி அனுமதி வேண்டும், வரி தலையைச் சுற்றவைக்கும். அதே காரைக் கதவுக்குப் பக்கத்தில் குறுக்கே அறுத்துவிட்டால் அது கார் அல்ல, உதிரிப்பாகம். ஹாஃப்கட் என்னும் இப்படி அறுபட்ட முன்பாதிகள் கொள்கலனில் அடுக்கப்பட்டுக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கின. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஜொகூர் வரை பழைய சாமான் கடைகளில் அவை வரிசையாக நின்றன.

ஏஇ86 முன்பாதியை வாங்கியவர்கள் ரேக்குக்காக வாங்கவில்லை. அவர்கள் கண் அதன் 4ஏ-ஜிஇ இன்ஜின் மேல். 1,587 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட், பதினாறு வால்வு. கேஇ70-இல் இருந்த 4கே ஒரு சாது. அதைத் தூக்கிவிட்டு இதைப் போட்டால் கார் பறக்கும். ஆனால் 4ஏ-ஜிஇ-யின் மவுண்ட் கேஇ70-இன் கிராஸ்மெம்பரில் உட்காராது. இன்ஜினுக்கு மவுண்ட் செய்ய மண்டையை உடைத்துக்கொள்வதைவிட அந்த இன்ஜின் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கிராஸ்மெம்பரையே சேர்த்து மாற்றிவிடுவது சுலபம். கிராஸ்மெம்பர் வந்தது, அதோடு ரேக்கும் வந்தது. இன்ஜின் மாற்றும் வேலையின் துணைப்பொருளாகத்தான் ரேக் மாற்றம் பிறந்தது என்று நான் நம்புகிறேன். இன்ஜினை வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் ஸ்டியரிங்கைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள். அப்புறம் 4கே இன்ஜினை வைத்துக்கொண்டே ரேக் மட்டும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அப்போது வேலை தலைகீழானது: ஏஇ86 கிராஸ்மெம்பரில் கே இன்ஜினின் மவுண்ட் உட்காராது. அதற்குத் தனியாகத் தாங்கி செய்ய வேண்டியிருந்தது.

உலகத்தில் இப்படி நடப்பது இது முதல் தடவையும் அல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு 1974 மாடலாக வெளியிட்ட மஸ்டாங் டூ காரை ஆர்வலர்கள் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் அதன் முன்பக்கத்தில் கச்சிதமான ரேக் ஸ்டியரிங் இருந்தது. முப்பதுகள், நாற்பதுகளின் பழைய கார்களைத் திருத்தி ஓட்டுபவர்கள் அந்த முன்பக்கத்தைக் கழற்றித் தங்கள் வண்டிகளில் வைத்தார்கள். பிறகு புதிய பாகங்களையே செட்டாகச் செய்து விற்கும் கம்பெனிகள் கிளம்பின. கார் சாலையிலிருந்து மறைந்து வெகுகாலமாகியும் அந்த செட்டுகள் இன்றும் மஸ்டாங் டூ என்ற பெயரிலேயே விற்கின்றன.

மாசாயில் தெரிந்த பட்டறை ஒன்றில் இந்த மாற்றம் நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காரின் சொந்தக்காரர் பாசிர் கூடாங்கில் வேலை செய்யும் இளைஞர். போமனுக்கு அறுபதை ஒட்டிய வயது. சின்ன வயதில் மோரிஸ் மைனருக்கும் வேலை பார்த்தவர்.

செயின் புளோக்கில் இன்ஜினை மேலிருந்து பிடித்துக்கொண்டார்கள். பிட்மன் ஆர்மைப் புல்லர் போட்டு எடுத்து, பாக்ஸைக் கழற்றி, கிராஸ்மெம்பரை இறக்கினார்கள். கழற்றிய ஐட்லர் ஆர்மை அவர் கையில் எடுத்து ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஆடியது. அப்புறம் ஹாஃப்கட் கடையிலிருந்து வந்த ரேக்கை மேசையில் வைத்து, இரண்டு பக்க ரப்பர் பூட்டையும் பின்னுக்குத் தள்ளி, உள்ளே தண்டில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். துரு இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, வாங்காதே என்றார். பினியனைக் கையால் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுற்றினார். பழைய ரேக்கில் நடுப்பற்கள்தான் அதிகம் தேயும், கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால். நடுவில் லூசாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் கைக்குத் தெரிந்தால் அந்த ரேக் எத்தனை முறை அட்ஜஸ்ட் செய்தாலும் சரியாகாது. இது தேறியது.

சிக்கல் ஷாஃப்டில் வந்தது. பாக்ஸுக்குப் போகும் ஷாஃப்டும் ரேக்கின் பினியனும் ஒரே கோட்டில் இல்லை, நீளமும் ஒத்துவரவில்லை.

"அண்ணே, பழைய ஷாஃப்டை வெட்டி வெல்டிங் போட்டுட்டா நீளம் சரியா வந்துடுமே?" என்றார் இளைஞர்.

போமன் நிமிர்ந்து பார்த்தார். "வெல்டிங் விட்டுப்போச்சுன்னா நீ எங்க தம்பி இருப்ப? ஷாஃப்ட்ல கை வைக்காத. ஏஇ86 ஸ்டியரிங் காலம் ஷாஃப்டும் யுனிவர்சல் ஜாயின்டும் எடுத்துக்கிட்டு வா. அது வர்ற வரைக்கும் கார் இங்கயே கெடக்கட்டும்."

கார் அங்கேயே கிடந்தது. ஷாஃப்ட் வந்த பிறகு அதன் பல்லில் ஜாயின்டை ஏற்றி, போல்ட் ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தின் வழியே குறுக்கே போய் உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தப் போல்ட் பள்ளத்தில் இல்லாமல் மேலோட்டமாக இறுகியிருந்தால் ஒருநாள் ஜாயின்ட் நழுவிவிடும்.

சக்கரப் பக்கத்து ஸ்டியரிங் ஆர்ம்களையும் அவர் மாற்றினார். இங்கேதான் ஆக்கர்மன் வந்து நிற்கிறார். ரேக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஆர்மையே விட்டால் வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் தங்கள் கணக்கில் திரும்பாது, டயர் தேய்ந்து தீரும். அதேபோல ரேக் உட்காரும் உயரம். டை ராடும் கீழ் ஆர்மும் ஒத்த வளைவில் ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் மேட்டில் ஏறும்போதே தானாகத் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது அதுதான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தின் முன்விளிம்பு கோட்டைவிட்டு நகர்கிறதா என்று பார்த்தார்கள். ஏஇ86 கிராஸ்மெம்பர் முழுதாக இருப்பதால் பெரிதாக நகரவில்லை. கடைசியாக, ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி சுற்றி, சுற்றைப் பாதியாக்கி, ரேக்கின் நடுவைப் பிடித்து வெள்ளை பெயிண்டில் புள்ளி வைத்தார். அதைச் செய்யாமல் அலைன்மெண்ட் கடைக்குப் போனால் அவர்கள் டை ராடைத் திருகி நேராக்கிவிடுவார்கள்; ஆனால் ஒரு பக்கம் அதிகம் திரும்பும், மறுபக்கம் குறைவாகத் திரும்பும்.

இளைஞர் ஓட்டிவிட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று போய்விட்டு வந்தார்.

ஏஇ86 இப்போது எட்டாத விலை. 1995-இல் ஜப்பானில் தொடங்கிய இனிஷியல் டி சித்திரக்கதை அந்தக் காரை உலகம் முழுக்கத் தெரிந்த காராக்கிவிட்டது. பிறகு வந்த கார்ட்டூனும் 2005-இல் ஹாங்காங் படமும் மிச்சத்தைச் செய்தன. 1986-இல் திறந்து 1998-இல் மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியையே நடத்திய பாசிர் கூடாங் ஓட்டப் பாதையும் பக்கத்திலேயே இருந்ததால் ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு ஆசை இன்னும் அதிகம். அசல் கிராஸ்மெம்பர் கிடைக்காதபோது, கிடைத்த சின்னக் காரின் ரேக்கைப் பழைய கிராஸ்மெம்பரில் தாங்கி வைத்துப் பற்றவைக்கும் வேலைகள் வந்தன. இவற்றில் சில நல்லவை, பல அரைகுறை. உயரக் கணக்கு பார்க்காமல் வைத்த ரேக் கார் குலுங்கும்போதெல்லாம் சக்கரத்தை இழுக்கும்.

இதே வழியில் இன்னொரு கிளையும் வளர்ந்தது. 1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகாவிலும் 1994-இல் வந்த 660 சிசி கஞ்சிலிலும் பிறவியிலேயே ரேக் உண்டு. ஆனால் ஆரம்ப கால வண்டிகளில் பவர் ஸ்டியரிங் இல்லை. அவற்றின் ஜப்பானிய உறவுகளான மிட்சுபிஷி, டைஹாட்சு கார்களின் ஹாஃப்கட்டிலிருந்து பவர் ரேக் எடுத்துப் போட்டார்கள். பார்க்கிங்கில் கை வலிக்கும் அம்மாமார்களுக்காகச் செய்த வேலை அது. அதில் பந்தய ஆசை எதுவும் இல்லை.

இந்தத் தொழிலே நின்றுபோகும் நிலையும் ஒருமுறை வந்தது. 2009 அக்டோபரில் திருத்திய தேசிய வாகனக் கொள்கை, பழைய உதிரிப்பாக இறக்குமதியை 2011 ஜூன் முதல் தடை செய்வதாக அறிவித்தது. பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னார்கள். கடைக்காரர்களும் கார்க்காரர்களும் எதிர்த்தார்கள்; தடை அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. பாதுகாப்பு என்ற காரணத்தை நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். பிரேக், ஸ்டியரிங் போன்ற பாகங்களில் பழைய பொருளை நம்புவது சோதித்துப் பார்ப்பவர் கையைப் பொறுத்தது. மாசாயில் நான் பார்த்த கை எல்லாப் பட்டறையிலும் இல்லை.

கேஇ70 வைத்திருக்கும் தம்பிகளிடம் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ரேக் போடுங்கள், போடத் தகுந்த வேலைதான். ஆனால் கிராஸ்மெம்பர், ஸ்டியரிங் ஆர்ம், ஸ்டியரிங் காலம் ஷாஃப்ட் மூன்றையும் ஒரே காரிலிருந்து செட்டாக எடுங்கள். ஷாஃப்டில் வெல்டிங் வைக்கச் சொல்லும் பட்டறையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். வேலை தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் அனுமதி பற்றிக் கேளுங்கள், வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் காட்டுங்கள், காப்புறுதிக் கம்பெனியிடம் மாற்றத்தை எழுதிக் கொடுங்கள். நல்ல ரேக் கிடைக்கவில்லை என்றால் ஐட்லர் ஆர்மையும் ராட் மூட்டுகளையும் புதிதாக மாற்றிப் பாக்ஸையே ஓட்டுங்கள்; தேய்ந்த ரேக்கைவிட அது எவ்வளவோ மேல்.